ஒரே மாதிரி சொல்லணும்

ரத்தம் பேசும் என்று பூங்காவனம் இதுவரை கேள்விப்பட்டதில்லை. ஆனால் அந்தச் சின்ன வயசு டாக்டரம்மாவின் பேச்சைப் பார்த்தால் பேசும்போலத்தான் இருந்தது. கட்டிலில் கிடந்த இவள் புருஷன் கன்னியப்பனின் கையிலிருந்து ரத்தம் இழுத்து, புதுக் கண்ணாடிக் குழாய் ஒன்றில் விட்டு, மேஜைமேல் இருந்த கட்டையின் ஓட்டையில் அதை நிறுத்தி வைத்துவிட்டு, "இருபது நிமிஷம் இப்படியே இருக்கட்டும். யாரும் தொடக் கூடாது, ஆட்டக் கூடாது. அப்புறம் சாய்ச்சுப் பார்த்தா தெரிஞ்சுடும்" என்று நர்சம்மாவிடம் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். தெரிஞ்சுடும். என்ன தெரிஞ்சுடும்? யாருக்குத் தெரிஞ்சுடும்? பாம்பு கடித்தது தெரியும் என்றால் அதுதான் ஏற்கெனவே தெரியுமே, கணுக்காலுக்கு மேலே ரெண்டு பல்லும் பதிந்து கிடக்கிறதே, அதற்கு எதற்கு ரத்தத்தை நிறுத்தி வைத்து வேடிக்கை பார்க்க வேண்டும்? எப்போது கடித்தது என்பதைத்தான் அந்த ரத்தம் சொல்லப் போகிறது. வேறு எதற்கு நேரம் பார்த்து வைக்கிறார்கள்? வாயைக் கேட்டால் வாய் பொய் சொல்லும் என்று இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, அதனால் வாயை விட்டுவிட்டு ரத்தத்தைக் கேட்கிறார்கள். கெட்டிக்காரி. பார்க்கப் பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரி இருந்துகொண்டு எவ்வளவு தந்திரம் பார். பூங்காவனம் ஸ்டூல் இருந்தும் அதில் உட்காராமல் கட்டிலோரம் தரையில் குந்தி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, குழாயில் அசையாமல் நின்ற அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவும் இவளைப் பார்க்கிற மாதிரிதான் இருந்தது.

ஏனென்றால் இவர்கள் சொன்னது பொய். இன்று காலையில், வீட்டுக்குப் பின்னால், விறகு எடுக்கும்போது கடித்தது என்று சொல்லியிருந்தார்கள். கடித்ததோ நேற்றுப் பொழுது சாயும் நேரம், ஏரிக்குக் கீழே பலராமன் கொல்லை வரப்பில், கூடைக்கு ஈச்ச மட்டை அறுக்கும்போது. பலராமன் கொல்லை என்று சொல்ல முடியுமா? போன வாரம்தான் அந்தக் கொல்லைக் கிணற்றிலிருந்து மோட்டாரை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். சுற்றுவட்டாரத்தில் எந்தப் பொருள் காணாமல் போனாலும் அடுத்த நாள் கூடைக்காரக் குடிகளில் ஒரு ஆம்பளை காணாமல் போவான். பொருள் கிடைக்காது, ஆம்பளை மட்டும் சில வாரம் கழித்துக் கிடைப்பான், ஸ்டேஷன் வாசலில், நடக்க முடியாமல். கன்னியப்பன் இரண்டு வருஷம் முந்தி ஒரு கோயில் குத்துவிளக்குக்காக அப்படிப் போய் வந்தவன்தான். விளக்கைக் கண்ணால் பார்த்ததில்லை, கோயிலுக்குள்ளே இவர்களை விட்டால்தானே பார்ப்பதற்கு. திரும்பி வந்தபிறகு அவன் இடது கைக் கட்டைவிரல் மடங்கவில்லை, கூடையின் விளிம்பை இவள்தான் கட்டிக் கொடுக்கிறாள். அப்படிப்பட்டவன், மோட்டார் போன கொல்லையில், இருட்டுகிற நேரத்தில், கையில் அரிவாளோடு. மட்டை அறுக்கத்தான் என்றால் யார் நம்புவார்கள்? ஈச்சஞ்செடி வேறு எங்கே இருக்கிறது, ஏரிக்கரை பூராவும் பொக்லைன் விட்டு வாரிவிட்டார்கள், மிச்சம் இருப்பது அந்த வரப்புதான். அதைச் சொன்னால் நம்புவார்களா? நம்பமாட்டார்கள். அதனால் ஷேர் ஆட்டோவில் வரும்போதே, அவன் தலை இவள் தோளில் ஆடிக்கொண்டிருக்க, இரண்டு பேரும் பாடம் பண்ணிக்கொண்டு வந்தார்கள். "இன்னிக்குக் காலைல," என்றான் அவன். "காலைல," என்றாள் இவள். "வூட்டுக்குப் பின்னால, வெறகுல." "வெறகுல." "ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லணும், மே. மாத்தி மாத்திச் சொன்னா ரெண்டு பேரையும் உரிச்சிடுவானுங்க." அது அவனுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை, இவளுக்கும் வேண்டியதில்லை. அந்தக் குடியிருப்பில் பெண் பார்க்க வந்தால்கூட எதிராளி கேட்கும் முன்பே எல்லோரும் ஒரே மாதிரி சொல்லப் பழகியிருப்பார்கள்.

ஆனால் டாக்டரம்மா கேட்டாளே, அந்தக் கேள்விகள். எப்பக் கடிச்சுது? எங்க கடிச்சுது? அங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க? கூட யார் இருந்தாங்க? அப்புறம் என்ன செஞ்சீங்க? வரிசைகூட மாறவில்லை. ஸ்டேஷனில் கேட்கிற அதே கேள்விகள், அதே வரிசை, குரல்தான் வேறு. இனிமையான குரல். இனிமையான குரலில் கேட்டவர்களையும் இவள் பார்த்திருக்கிறாள், டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டவர்களையும் பார்த்திருக்கிறாள், டீக்கு அப்புறம் வந்ததையும் பார்த்திருக்கிறாள். டாக்டரம்மா வீங்கிய காலைப் பார்த்துவிட்டு, "ரெண்டு மூணு மணி நேரத்துலயா இவ்வளவு வீங்கிடுச்சு?" என்று புருவத்தைத் தூக்கினாள். சந்தேகப்பட்டுவிட்டாள். இவள் உடனே, "இறுக்கிக் கட்டிட்டோம்மா, கவுறு போட்டு" என்றாள். அது உண்மைதான், கட்டியது நேற்று என்பதுதான் உண்மையில்லை. "இப்படிக் கட்டவே கூடாதும்மா, கட்டினதாலயும் வீங்கியிருக்கலாம்," என்று டாக்டரம்மா தலையாட்டினாள். "வாயில, ஈறுல ரத்தம் வந்துச்சா?" "இல்லம்மா." "யூரின் போனாரா? மூத்திரம்?" "போனாரும்மா." "கலர் எப்படி இருந்துச்சு?" "எப்பவும் போலத்தான்." அவள் எழுதிக்கொண்டாள். கன்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டே கிடந்தான், ஆனால் அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று இவளுக்குத் தெரியும், இவள் சரியாகச் சொல்லச் சொல்ல அவன் நெற்றிச் சுருக்கம் தளர்ந்தது. நன்றாகத்தான் சொன்னாள். இப்போது இந்தக் குழாய் வந்து காட்டிக்கொடுக்கப் போகிறது.

உள்ளே நுழைந்தபோதே அந்த வார்த்தை வந்து நின்றுவிட்டது, அப்போதே திரும்பிப் போயிருக்கவேண்டும். ஸ்ட்ரெச்சர் தள்ளியவன், "பாம்புக்கடி கேஸு, வழி விடு" என்றான். நர்சம்மா, "கேஸ் ஷீட் போட்டாச்சா?" என்றாள். கேஸ் போடுவது. கூடைக்காரக் குடிகளில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான், குழந்தைகள்கூட அதை வைத்து விளையாடுவார்கள், நீ போலீசு, நான் கேசு. பூங்காவனம் ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்து நிறுத்தி, "கேசெல்லாம் வாணாம்யா, ஊசி மட்டும் போட்டு அனுப்பிடுங்க" என்றதற்கு அந்த ஆள் சிரித்தான். "இங்க எல்லாமே கேஸுதாம்மா. வயித்தாலப் போனாலும் கேஸு, புள்ள பொறந்தாலும் கேஸு." அவன் சிரித்து முடிக்கவில்லை, டாக்டரம்மா அவனிடம் என்ன சொன்னாள்? போலீசுக்குத் தகவல் கொடுத்துடு என்றாள். இவள் காதாலேயே கேட்டாள். பாம்பு கடித்ததற்குப் போலீசு எதற்கு, பாம்பைப் பிடிக்கவா? கேட்டால் ரூல்சு என்கிறார்கள், தீப்பட்டாலும் மரத்திலிருந்து விழுந்தாலும் பாம்பு கடித்தாலும் எல்லாருக்கும் இப்படித்தான் என்கிறார்கள். எல்லாருக்கும் என்று சொன்ன எதுவும் எல்லாருக்கும் நடந்து இவள் பார்த்ததில்லை. அதோ வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில், தொப்பியை முட்டிமேல் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி ஏட்டு உட்கார்ந்து டீயை ஊதி ஊதிக் குடிக்கிறார். வரும்போது, "எந்த ஊரு?" என்று கேட்டார். இவள் பெரிய ஊரின் பேரைச் சொன்னாள், குடியிருப்பின் பேரைச் சொல்லவில்லை. அவர் இவள் கையைப் பார்த்தார். மட்டை கிழித்துக் கிழித்து விரலெல்லாம் வெட்டு வெட்டாக இருக்கும் கை. பார்த்துவிட்டு, "போ, போ, அப்புறம் வர்றேன்" என்றார். அப்புறம் வருகிறாராம். அடிக்கிற போலீசைக்கூடப் புரிந்துகொள்ளலாம், அவசரமில்லாத போலீசை நம்பக் கூடாது.

நர்சம்மா போனை எடுத்துக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசினாள், கை பாட்டுக்குப் பஞ்சை மடித்துக்கொண்டிருந்தது. "ஆமா, எனக்குத் தெரியும். அவன் சொல்றத நம்பாதீங்க, சுத்தப் பொய். வெளிய விடாதீங்க, கதவச் சாத்தி வைங்க. நான் வந்து கவனிச்சுக்கறேன்." கதவு எந்தப் பக்கம் இருக்கிறது, கன்னியப்பனைத் தூக்கிக்கொண்டு எந்த வழியாகப் போகலாம் என்று பூங்காவனத்தின் கண் தேடியது. "தர்மாமீட்டர் வச்சுப் பாருங்க, காய்ச்சலே இருக்காது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட எங்க மாமியாரு குடுக்கிற செல்லம் இது" என்று முடித்து, போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பிள்ளையைச் சொன்னாளாம். இவளுக்கு மூச்சு திரும்ப நேரம் பிடித்தது, திரும்பிய பிறகும் மனசு சமாதானமாகவில்லை. பிள்ளையைச் சொல்வதுபோல வேறு யாரையோ சொல்லியிருந்தால்? சே, என்ன புத்தி இது. இந்தப் புத்தியைத் தானாகவா வளர்த்தாள், பால் குடிக்கும்போதே ஊட்டிவிட்டார்கள். கூட்டித் துடைக்கிற அம்மா வந்து, "காலைத் தூக்கும்மா" என்றபோதுகூட, எதற்குக் காலைத் தூக்கச் சொல்கிறாள், காலடியில் எதையாவது ஒளித்து வைத்திருக்கிறேனா என்று தோன்றியது.

நேற்றே வந்திருக்கலாம். கடித்த உடனே வந்திருக்கலாம். அது மனசில் ஒரு பக்கம் புழுவாய் நெளிந்துகொண்டுதான் இருந்தது. அவன் காலை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, "விரியன்" என்று ஒரே சொல் சொன்னான். பூங்காவனம், "ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாய்யா" என்றுதான் முதலில் சொன்னாள். கூடியிருந்தவர்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருட்டில் போனால் கேட்பான். எங்கே போயிருந்தே என்பான். விடியட்டும், விடிந்தபிறகு போனால் வீட்டில் கடித்தது என்று சொல்லிக்கொள்ளலாம். யாரோ ஒருத்தர் பச்சிலை அரைத்துக் கொண்டுவந்தார்கள், யாரோ கயிறு கட்டினார்கள், கன்னியப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு, "விடியட்டும்" என்று தானும் சொன்னான். பாம்புக்கு முன்னால் பயந்தவன் இல்லை அவன், ஆனால் அந்த ஸ்டேஷன் சுவரின் பச்சை நிறத்தை வேறு எங்கே கண்டாலும் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போவான். இவளும்தான் கேட்டுக்கொண்டாள். உயிர் போகிற விஷயத்தில் ஒரு ராத்திரியைக் கொடுத்தார்கள், ஏதோ கடன்காரனுக்குத் தவணை கொடுப்பதுபோல. விடியற்காலையில் வேலியோரம் கைத்தாங்கலாக நிற்கவைத்தாள், அவன் மூத்திரம் போனான், கொஞ்சம்தான் வந்தது, வெளிச்சம் வந்ததும் பார்த்தால் மண்ணில் ஈரம் கறுப்பாக, சிவப்பாக, கருவேலம்பட்டை ஊறவைத்த தண்ணிபோல. "வெஷம் எறங்குது, நல்லதுதான்" என்றார்கள். அதற்குப் பிறகு போகவே இல்லை. ஒரு சொட்டு இல்லை. பல்லிடுக்கில் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது, எச்சில் துப்பினால் சிவப்பு. இவள் என்ன செய்தாள்? ஆஸ்பத்திரி வாசல் குழாயில் அவன் வாயை நன்றாகக் கழுவி, முந்தானையால் துடைத்து, முகத்தைச் சுத்தமாக்கி உள்ளே கூட்டிவந்தாள். வாயில் ரத்தத்தோடு போனால் எங்கேயோ அடிபட்டவன் என்று நினைப்பார்கள், அடிதடி கேசு என்பார்கள். உலகத்தில் எல்லாரும் டாக்டரிடம் ரத்தத்தைக் காட்டுவதற்குத்தான் ஓடுகிறார்கள். இவர்கள் கழுவிவிட்டுப் போகிறார்கள்.

ஐயோ, அப்பாவையும் அப்படித்தானே கழுவினார்கள். எதற்கு இப்போது அப்பா? வேண்டாம் என்று தள்ளினாலும் வந்து உட்கார்ந்துகொண்டது. அப்பா தொளசியை ஸ்டேஷனிலிருந்து விட்டபோது இவளுக்கு மார்பு முளைக்காத வயசு. மூச்சு விட்டால் ஒரு பக்கம் குத்துகிறது என்று கையை விலாவில் வைத்துக்கொண்டே நடந்தார். அம்மா முகம் கழுவி, சட்டை மாற்றி, இதே மாதிரி ஒரு ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப்போனாள். அன்றைக்கும் ஒரு போலீசு கதவோரம் நின்றது. டாக்டர், "என்ன ஆச்சு?" என்றார். அம்மா, "விழுந்துட்டாருங்க" என்றாள். அப்பா, "விழுந்துட்டேங்க" என்றார். ஒரே மாதிரி சொன்னார்கள், ஒரு எழுத்து பிசகவில்லை. டாக்டர் நல்ல மனுஷன், கெட்டவர் என்று சொல்ல முடியாது, "பார்த்து நடக்கக் கூடாதா பெரியவரே" என்று சொல்லி, தடவுவதற்குக் களிம்பும் முழுங்குவதற்கு மாத்திரையும் கொடுத்தார். விழுந்தவனுக்கு என்ன மருந்தோ அந்த மருந்து. அந்த மருந்தைச் சரியாகத் தடவினாள் அம்மா, வேளை தவறாமல் தடவினாள், களிம்பு தீரும் முன்பே அப்பா தீர்ந்துபோனார். அப்போதெல்லாம் போலீசு அடித்துச் செத்தார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். அடித்ததால்தான், அதில் என்ன சந்தேகம். ஆனால் அடிபட்டவனுக்கு உண்டான மருந்தை அன்றைக்கு யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை, ஏனென்றால் அடிபட்டார் என்று யாரும் சொல்லவில்லை. அது இப்போதுதான், இந்தக் கட்டிலோரம் குந்தியிருக்கும்போதுதான், உறைக்கிறது. எப்போதோ தெரிந்திருக்கவேண்டும். தெரிந்து என்ன, சொல்லியிருந்தால் மறுபடி உள்ளே இழுத்துப் போயிருப்பார்கள். இல்லையா? சுற்றிச் சுற்றி இங்கேயே வந்து இடிக்கிறது. சொன்னால் அவன் சாவான், சொல்லாவிட்டால் இவன் சாவான். எவன் அவன், எவன் இவன், இங்கே கிடப்பது ஒரே ஆள்தானே.

"மே" என்று கூப்பிட்ட கன்னியப்பன் கண்ணைத் திறந்திருந்தான். கண் இமை வீங்கியிருந்தது. இவள் எழுந்து காதைக் கொண்டுபோனாள். "ஏட்டு வந்து கேட்டானா?" "இல்லய்யா." "கேட்டா வெறகுன்னே சொல்லு. மாத்திடாத. ஸ்டேஷனுக்குப் போறதுக்கு இதுவே மேலு எனக்கு." "மூத்திரம் வருதாய்யா உனக்கு?" அவன் இடுப்பைக் காட்டி, "இங்க வலிக்குது" என்றான், "கல்லு வச்சாப்புல." பிறகு உதட்டை நக்கினான், நாக்கு சிவப்பாக இருந்தது, இவள் சட்டென்று முந்தானையால் துடைத்தாள். துடைத்தபிறகு அந்தச் சிவப்பு தன் முந்தானையில் இருப்பதைப் பார்த்து, அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கை தானாகச் செய்தது.

நர்சம்மா முதுகைக் காட்டிக்கொண்டு அலமாரியில் எதையோ தேடினாள். ஏட்டு வாசலில் இல்லை, டீ கிளாஸ் மட்டும் நாற்காலிக்கு அடியில் இருந்தது. பூங்காவனம் மேஜையருகே போய் நின்றாள். ஆட்டக் கூடாது, தொடக் கூடாது என்றார்களே, ஆட்டினால் அதனால் பேச முடியாமல் போய்விடும்போல. முழங்கை பட்டுவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். முந்தானை மாட்டிக்கொண்டது என்று சொல்லிக்கொள்ளலாம். உடைந்தது உடைந்ததுதான். இன்னொரு தடவை ரத்தம் எடுத்தால்? எடுக்கட்டும், அதற்குள் ஊசி போட்டுவிடுவார்கள். போடுவார்களா? டாக்டரம்மா என்ன சொன்னாள், நேரம் அதிகம் ஆகலை, வேற தொந்தரவும் இல்லைங்கறாங்க, ரத்தத்தைப் பார்த்துட்டு மருந்து ஆரம்பிக்கலாம் என்றாள். நேரம் அதிகம் ஆகலை என்று யார் சொன்னது? நான்தான் சொன்னேன். வேற தொந்தரவு இல்லை என்று யார் சொன்னது? நான்தான். எழுதிக்கொண்டாளே. சொன்னதைச் சொன்னபடி, மறுபேச்சு பேசாமல், அடித்துக் கேட்காமல், ஏய் பொய் சொல்றியா என்று ஒரு வார்த்தை கேட்காமல், எழுதிக்கொண்டு, முகம்கூடக் கொஞ்சம் தெளிந்ததே அந்தப் பெண்ணுக்கு. மூத்திரம் போனார் என்றதும் அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டாளே. நம்பிவிட்டாள். பூங்காவனத்தின் கை குழாய்ப் பக்கத்தில் அப்படியே நின்றது. பிறந்து இத்தனை வருஷத்தில் ஒரு கவர்ன்மென்ட் ஆள் இவள் சொன்னதை உடனே நம்பியது இதுதான் முதல் தடவை. இத்தனை காலம் உண்மையைக் கத்திக் கத்திச் சொல்லியும் யாரும் நம்பியதில்லை. விளக்கை எடுக்கலை என்றால் நம்பவில்லை, மோட்டார் தெரியாது என்றால் நம்பவில்லை. ஸ்டேஷனில் என்ன சொன்னாலும் ஒன்றுதான், எதையும் நம்பமாட்டார்கள், அதனால் பொய்க்கு அங்கே ஒரு கனமும் இல்லை. இங்கே அப்படியில்லை. இங்கே இவள் சொன்ன வார்த்தை நேராக அவன் உடம்புக்குள் போகிறது. போனாரும்மா, எப்பவும் போலத்தான் என்று வாயால் சொன்னாள், அது மருந்தை நிறுத்தி வைத்திருக்கிறது.

"ஏய்! எதுக்கு அது மேல கை வைக்கிற?" நர்சம்மா ஓடிவந்து குழாய்க்கும் இவளுக்கும் நடுவில் நின்றாள். அந்த ஏய் என்ற சத்தத்தில் பூங்காவனத்தின் இரண்டு கையும் தலைக்கு மேல் போய்விட்டன, அடியைத் தடுப்பதற்காக. நர்சம்மா அதைப் பார்த்துத் திகைத்துப்போனாள். "நான் அடிக்கலம்மா," என்றாள் குரலைத் தாழ்த்தி. "அடிக்க வரல. அத ஆட்டினா தப்பாக் காட்டும், அதுக்காகச் சொன்னேன்." பூங்காவனம் கையை இறக்கினாள். நர்சம்மாவிடம் சொல்லலாமா? இவளும் அரசாங்கம்தான். வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நம்பாதவள், நம்மை நம்புவாளா? நம்பினால் மட்டும் என்ன, கோபம் வரும், பொய் சொன்னதற்குத் தனிக் கேசு உண்டோ என்னவோ. கட்டிலைப் பார்த்தாள். கன்னியப்பன் இவளையே பார்த்துக்கொண்டிருந்தான், தலையை இப்படியும் அப்படியும் மெதுவாக ஆட்டினான். வேண்டாம். சொல்லாதே. இருபத்திரண்டு வருஷம் அவன் கண்ணைப் பார்த்துத்தான் வாயைத் திறந்திருக்கிறாள். இப்போது கண்ணை அங்கிருந்து பிடுங்கி எடுத்து, நர்சம்மாவின் சட்டைப் பையில் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அம்மா, நான் சொன்னது பொய்ம்மா. காலைல இல்ல. நேத்து. நேத்துப் பொழுது சாய."

"என்னது?"

"நேத்துக் கடிச்சுது. ராத்திரி முச்சூடும் வூட்லதான் கெடந்தாரு. வெடியக்காலைல மூத்திரம் கறுப்பாப் போச்சு, கொஞ்சம். அதுக்கப்பறம் போவல. ஒண்ணும் போவல. இடுப்பு வலிக்குதாம். ஈறுல ரத்தம் வருது, நான் கழுவிட்டேன், தோ பாரு" என்று இடுப்பில் செருகியிருந்த முந்தானையை இழுத்து விரித்துக் காட்டினாள். நர்சம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. "அறிவிருக்கா உனக்கு? இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன? உன் புருசன் கிட்னி போயிட்டிருக்கு, நீ எப்பவும் போலத்தான்னு சொல்லிட்டு உக்காந்திருக்க!" என்று கத்திக்கொண்டே, "டாக்டர்!" என்று ஓடினாள். திட்டினாளே தவிர, எதற்குப் பொய் சொன்னாய் என்று நின்று கேட்கவில்லை. அதுவே பூங்காவனத்துக்கு நம்ப முடியாததாக இருந்தது. அதன்பிறகு எல்லாம் ஓட்டம்தான். டாக்டரம்மா வந்து குழாயை எடுத்துச் சாய்த்தாள், ரத்தம் உறையாமல் தண்ணிபோல ஓடியது, ஒரு திப்பிகூட இல்லை. அது பேசியது அவ்வளவுதான், எப்போது என்றோ எங்கே என்றோ அது ஒன்றும் சொல்லவில்லை. மருந்துப் பாட்டில்கள் வந்தன, கையில் ஊசி ஏறியது, கீழே ஒரு ரப்பர் குழாய் வைத்தார்கள், பையில் கறுப்பாக ஒரு மடக்கு வந்து நின்றது. "இங்க டயாலிசிஸ் கிடையாது. மருந்து ஏத்திக்கிட்டே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம். இப்ப தெரிஞ்சதே நல்லதாப் போச்சு" என்று டாக்டரம்மா யாருக்கோ போனில் சொன்னாள். கன்னியப்பன் இவளைப் பார்க்கவில்லை, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான், அவன் தோள் குலுங்கியதைப் பார்த்து இவளுக்கு நெஞ்சு வெடித்தது. என்னைத் திட்டுய்யா, பிழைத்து இருந்து திட்டு, உட்கார்ந்து திட்டு, ஆயுசுக்கும் திட்டு.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போதுதான் ஏட்டு வந்தார், தொப்பியைப் போட்டுக்கொண்டு. அப்புறம் வர்றேன் என்றவர் வந்துவிட்டார். "ஏம்மா, காலைலன்னு சொன்ன, இப்ப நேத்து சாயந்தரம்னு மாத்திச் சொல்றியாமே. எங்கதான் கடிச்சுது? நெசத்தச் சொல்லு." அவர் குரலில் கோபம் இல்லை, பேனாவைத் திறந்து வைத்திருந்தார். மாத்திச் சொல்றியாமே. அந்தச் சொல்லைக் கேட்டதும் இத்தனை காலமும் முதுகுத்தண்டு சில்லிட்டுப்போகும். இப்போதும் போயிற்று, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் நின்றாள். பின்னால் ஸ்ட்ரெச்சரின் சக்கரம் ஆம்புலன்ஸ் தகரத்தில் ஏறும் சத்தம் கேட்டது. "பலராமன் கொல்லைல சார்," என்றாள். "ஈச்ச மட்டை அறுக்கப் போனாரு." ஏட்டு நிமிர்ந்து பார்த்தார். "பலராமன்? மோட்டார் காணாப்போச்சே, அந்தக் கொல்லையா?" "அந்தக் கொல்லைதான் சார்." "இருட்டுற நேரத்துல?" "ஆமா சார், இருட்டுற நேரத்துலதான்." அவர் பேனா காகிதத்தின் மேல் நின்றது, எழுதுவதா வேண்டாமா என்பதுபோல, அல்லது இவளுக்குத்தான் அப்படித் தோன்றியதோ. டிரைவர், "ஏறும்மா, நேரமாவுது" என்று கத்தினான். பூங்காவனம் ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு திரும்பினாள். "நல்லா எழுதிக்குங்க சார். ஒரு எழுத்து வுடாம எழுதிக்குங்க. நான் இவர எப்பிடியாவது பொழைக்க வச்சுக் கூட்டியாந்துடறேன். அப்பறம் வந்து புடிச்சுக்கினு போங்க, எங்க வூடு உங்களுக்குத் தெரியும்."